இருபத்து நான்கு ஓட்டைகள்

இருட்டி அரை மணி நேரம் ஆனதும் அந்தச் சத்தம் வந்தது.

ஊ என்று எழும்பி, இழுத்து, தேய்ந்து, மறுபடியும் ஊ. காலி பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து யாரோ ஊதுகிற மாதிரி. ஒருவர் இல்லை, பலர். ஒருவருக்கொருவர் சுருதி சேராமல்.

செலஸ்டினா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தாள்.

பாயில் மல்லாந்து கிடந்த ஆல்ட்ரினும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வயது.

"அப்பா ஊதுறாங்க" என்றான்.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

முன்பொரு நாள் டெரன்ஸ் போனில் பேசிக்கொண்டிருந்தபோது கப்பலின் சங்கு ஊதியது. பிள்ளை கேட்கட்டும் என்று அவன் போனை அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்தான். பிள்ளை அதை மறக்கவில்லை.

ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் இருபத்து நான்கு ஓட்டைகள் இருந்தன. ஆறு வரிசை, வரிசைக்கு நாலு. ஒவ்வொன்றிலும் ஒரு வயர் எட்டிப் பார்த்துக்கொண்டு தொங்கியது. விளக்கு ஒன்றிலும் இல்லை.

போன லீவில் டெரன்ஸ் கூடவே நின்று வெட்ட வைத்தவை. அடுத்த லீவில் டவுன்லைட்டுகளைத் தானே வாங்கித் தானே மாட்டுவதாகச் சொன்னான். கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருக்கிறவன், ஒரு பல்பு மாட்ட ஆள் வைத்தான் என்றால் தூத்துக்குடியே சிரிக்கும் என்றான்.

அப்படிச் சொல்லிவிட்டுப் போய்ப் பதினாலு மாதம்.

புயலில் கப்பல் சாய்ந்தது. பத்தொன்பது பேரில் பதினொரு பேரை உயிரோடு தூக்கினார்கள். இரண்டு உடல்கள் கிடைத்தன. மீதி ஆறு பேரில் டெரன்ஸ் ஒருவன். கம்பெனிக் கடிதத்தில் 'காணவில்லை' என்று எழுதியிருந்தது.

செலஸ்டினா அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். நினைவுப் பூசை ஒன்று வைத்துவிடலாமா என்று பங்குச்சாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, காணவில்லை என்றுதானே சாமி எழுதியிருக்கிறார்கள் என்றாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வாசல் கதவில் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. வெளியே இருந்து சாவி போட்டால் திறக்கும். சாவி இரண்டு. ஒன்று அவளிடம். மற்றது அவனோடு போயிற்று.

உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டால் அந்தச் சாவியால் திறக்க முடியாது.

அதனால் அவள் தாழ்ப்பாள் போடுவதில்லை.

ஒவ்வொரு ராத்திரியும் கை தாழ்ப்பாள்வரை போகும். அங்கேயே நிற்கும். திரும்பி வரும். அதற்குப் பிறகு மாடிப்படியில் யார் ஏறினாலும் நெஞ்சு இரண்டு தடவை அடித்துக்கொள்ளும். அவனோ என்று ஒரு அடி. வேறு எவனோ என்று இன்னொரு அடி.

போன வாரம் கீழ்வீட்டுப் பூட்டை யாரோ நெம்பிப் பார்த்திருந்தார்கள். உள்தாழ்ப்பாள் போடாமல் யாரும் படுக்காதீர்கள் என்று கீழ்வீட்டம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனாள். செலஸ்டினா சரி என்று தலையாட்டினாள்.

அதே வாரம் வாடைக்காற்று தொடங்கியது. கூரையும் ஊத ஆரம்பித்தது.

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். விளக்குப் போட்டுவிட வேண்டும். இருபத்து நாலும். ஒரு மூலை மிச்சம் இல்லாமல்.

*

விளக்குக் கடை என்றால் உள்ளே நுழைகிறபோதே நூறு விளக்கு எரிந்து கண்ணைப் பறிக்கும். ஜெய்னம்புவின் கடையில் ஒன்றே ஒன்று எரிந்தது. வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலுக்கு மேலே.

ஜெய்னம்பு, கான்வென்டில் செலஸ்டினாவுக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். கேட்டதில் பாதிதான் விற்பாள், மீதிக்கு ஏதாவது கேள்வி கேட்டு அனுப்பிவிடுவாள் என்று ஊரில் அவளைப் பற்றிப் பேச்சு. பெரிய வீடு கட்டினவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். பத்து நாள் கழித்து அவர்களே திரும்பி வருவார்கள்.

பள்ளிக்கூடத்திலும் அவள் அப்படித்தான். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஸ்பாட்லைட் பிடிக்கிற வேலை அவளுக்கு. வானதூதராக செலஸ்டினா கை விரித்து நின்றபோது, விளக்கு போய் ஓரத்தில் வசனம் மறந்து முழித்துக்கொண்டிருந்த இடையன் வேடப் பிள்ளை ஒன்றின் மேல் நின்றது. ஏன் அப்படிச் செய்தாய் என்று சிஸ்டர் காதைத் திருகினார். வானதூதரைத்தான் எல்லாரும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே சிஸ்டர் என்றாளாம்.

செலஸ்டினா அதை ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

இப்போது அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த தாளை விரித்தாள். டெரன்ஸ் கப்பலில் இருந்து வரைந்து அனுப்பிய படம். இருபத்தொரு டவுன்லைட், மூன்று ஸ்பாட்லைட். எல்லாம் கூல் ஒயிட், பளீரென்ற வெள்ளை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான்.

ஜெய்னம்பு வெகு நேரம் பார்த்தாள்.

"அக்கா, இது வீடு இல்ல. இன்ஜின் ரூமு."

செலஸ்டினாவுக்குச் சுருக்கென்றது. ஒரு ஸ்பேனர் கைதவறி விழுந்தால்கூட நிழலில் போய் ஒளிந்துவிடக் கூடாது, வெளிச்சம் என்றால் அதுதான் வெளிச்சம் என்று அவன் சொல்வான் என்றாள். அவன் சொன்னபடியே போட வேண்டும் என்றாள்.

"சரி. உங்க வீட்டுல என்ன ஒளிஞ்சிருக்கு?"

மூலையெல்லாம் இருட்டாக இருக்கிறது, பயமாக இருக்கிறது, பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறேன் என்றாள். கீழ்வீட்டுப் பூட்டை நெம்பினதைச் சொன்னாள். கூரை ஊதுவதைச் சொன்னாள். தாழ்ப்பாளை மட்டும் சொல்லவில்லை.

"இருபத்து நாலும் போட்டா?"

"பயம் போயிரும்."

"கரண்டு போனா?"

செலஸ்டினா தாளை மடித்தாள். விரித்தாள்.

ஜெய்னம்பு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சாக்பீஸை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"விளக்க மேல பாத்துக் குறிக்கக் கூடாதுக்கா. கீழ பாத்துக் குறிக்கணும்."

வீட்டில் யார் எங்கே கொஞ்ச நேரம் இருந்தாலும் அந்த இடத்தில் தரையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். உட்கார்ந்தாலும் சரி, நின்றாலும் சரி. ஏழு நாள். எட்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் தானே வருவதாகச் சொன்னாள். வெயில் இருக்கும்போது அவள் எந்த வீட்டுக்கும் விளக்குப் பார்க்கப் போகமாட்டாள்.

"அதுவரைக்கும் தரை துடைக்கக் கூடாது."

"ஏழு நாளா?"

"சிஸ்டருக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் முட்டி போட வைப்பாங்க."

செலஸ்டினாவுக்குச் சிரிப்பு வந்தது. அது வந்ததே அவளுக்கு அந்நியமாக இருந்தது. சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

*

தரை கருஞ்சாம்பல் டைல்ஸ். கொஞ்சம் சொரசொரப்பு. எண்ணெய் சிந்தினாலும் வழுக்கக் கூடாது என்று டெரன்ஸ் தேர்ந்தெடுத்தது. ஹாலில் எங்கே எண்ணெய் சிந்தும் என்று அன்று அவனோடு சண்டை போட்டிருந்தாள்.

சாக்பீஸ் அதில் நன்றாகப் பிடித்தது.

முதல் நாள் நேரம் போனதே தெரியவில்லை. அடுப்படி வாசலில் நின்று காய் நறுக்கினாள், ஒரு புள்ளி. சாப்பாட்டு மேஜை, இரண்டு புள்ளி. ஆல்ட்ரினின் பாய் ஓரத்தில் ஒன்று. அவன் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சாக்பீஸுக்கு அழுதான். பாதியாக உடைத்துக் கொடுத்தாள். அவன் மேஜைக்கு அடியில் போய்ப் புள்ளி வைத்தான். சைக்கிளுக்குப் புள்ளி வைத்தான். தன் உள்ளங்காலிலும் ஒன்று வைத்துக்கொண்டான்.

ராத்திரி, அவனைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, தூங்கினான் என்று பார்த்துவிட்டு, வாசல் கதவுப் பக்கம் போனாள். கை தாழ்ப்பாள்வரை போய் நின்றது. திரும்பியது. காதைக் கதவில் வைத்து நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திரும்பும்போது ஜெய்னம்பு சொன்னது நினைவுக்கு வந்தது. குனிந்து ஒரு புள்ளி வைத்தாள்.

இரண்டாம் நாள் ராத்திரி அதே இடத்தில் நாலு. படியில் சத்தம் கேட்டுக் கேட்டு நாலு தடவை எழுந்து வந்திருந்தாள்.

சுவரோரத்தில் டெரன்ஸின் பிரம்பு நாற்காலி. அந்த இரண்டாம் நாள் மத்தியானமே துணி மடித்துவிட்டுப் போகிறபோது அதைப் பார்த்தாள். வீட்டில் இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு அதில்தான் உட்காருவான். பேப்பரை விரித்துக்கொண்டு, படிக்காமல், பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பான்.

ஆறு மணிக்கு வந்து நாற்காலிக்கு முன்னால் குனிந்து, கால் வைக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

அதற்குப் பிறகு நாள் தவறவில்லை.

*

எட்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் ஜெய்னம்பு வந்தாள். ஏணியைப் படி வழியாகத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இன்னொரு தோளில் பை.

கூரையைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கையில் ஒரு டார்ச்சோடு தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள், புள்ளியை மிதிக்காமல். ஆல்ட்ரின் அவள் பின்னாலேயே அவளைப் போல நடந்தான்.

பாயருகே நின்றாள். இவன் எப்படிப் படுப்பான் என்று கேட்டாள். மல்லாந்து என்றாள் செலஸ்டினா. அப்படியானால் தலைக்கு நேர் மேலே கூடாது, கண்ணுக்குள் குத்தும், சுவரோரம் போட்டால் வெளிச்சம் சுவரில் பட்டு மெதுவாக வரும் என்றாள். மேஜைக்கு மேலே உள்ளே தள்ளி இருக்கிற மாதிரி ஒன்று. அடுப்படி வாசலுக்கு ஒன்று, நிற்கிறவள் நிழல் கத்தியில் விழாத பக்கமாக. எல்லாம் வார்ம் ஒயிட், லேசாக மஞ்சளோடியது. வரிசையாக வெட்டின ஓட்டையில் எது இதற்குத் தோதாக இருக்கிறதோ அது போதும்.

மூன்று என்று செலஸ்டினா மனதுக்குள் எண்ணினாள். இருபத்து நாலில் மூன்று.

நாற்காலிக்கு முன்னால் ஜெய்னம்பு குத்துக்காலிட்டாள். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள்.

"இது யாரு?"

"அவங்க."

ஜெய்னம்பு தலையை ஆட்டினாள்.

"மத்த எல்லாம் கால் பட்டு அழிஞ்சு கலைஞ்சிருக்கு. இந்த ஆறும் வச்ச மாதிரியே இருக்கு."

செலஸ்டினா சேலை முந்தானையை விரலில் சுற்றினாள்.

அங்கே விளக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஜெய்னம்பு சொல்லவில்லை. எழுந்து வாசல் பக்கம் போனாள்.

கதவுக்கு முன்னால் தனித்தனியாகப் புள்ளிகள் இல்லை. வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. கோலமாவு கொட்டினாற்போல. அதற்குள்ளே இரண்டு பாதங்களின் அச்சு.

"இது?"

"நான்தான்."

"என்ன செய்யுதீங்க இங்க?"

"நிக்கிறேன்."

ஜெய்னம்பு கதவைப் பார்த்தாள். மேலே தாழ்ப்பாளைப் பார்த்தாள். கதவுக்கு அடித்த பெயின்டிலேயே அதுவும் தோய்ந்து, திறந்தபடியே ஒட்டிக் காய்ந்து கிடந்தது. புது வீட்டில் மாட்டியது மாட்டியபடி. ஒரு தடவைகூட நகர்ந்ததில்லை.

செலஸ்டினாவே சொன்னாள். இங்கே ஒரு ஸ்பாட்லைட் வேண்டும், கதவைப் பார்த்து, நல்ல பவரில். கதவு திறந்தால் வருகிற முகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றாள். இது ஒன்றாவது அவர் போட்ட படத்தில் இருக்கிறபடி இருக்கட்டும் என்றாள்.

"போடுதேன்" என்றாள் ஜெய்னம்பு.

ஏணியை எடுக்கத் திரும்பினவள், படுக்கையறை நிலைப்படியில் நின்றுவிட்டாள். டார்ச் அங்கேயே தாழ்ந்தது.

நிலைப்படிக்கு உள்ளே, கதவு மறைவில், ஒரு கொத்துப் புள்ளி. கோணல்மாணலாக. சில புள்ளிகள் வட்டமாகக்கூட இல்லை.

"இது யாரு, அக்கா?"

செலஸ்டினா வந்து பார்த்தாள். தான் வைக்கவில்லை என்றாள்.

"நான்" என்றான் ஆல்ட்ரின்.

ஜெய்னம்பு அவன் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

"இங்க நின்னு என்ன செய்வே?"

"அம்மாவப் பாப்பேன்."

"அம்மா எங்க இருப்பாங்க?"

அவன் கையை நீட்டிக் கதவுக்கு முன்னால் கிடந்த வெள்ளைத் திட்டைக் காட்டினான். பிறகு நிலையில் காதை ஒட்டி, கையை மேலே தூக்கி இறக்கிக் காட்டினான்.

"எப்ப?"

"நான் தூங்கினதுக்கப்புறம்."

மேலே காற்று தொடங்கியது. முதலில் ஓர் ஓட்டை ஊதியது. பிறகு மற்றவையும் சேர்ந்துகொண்டன.

*

ஜெய்னம்பு வேலையைத் தொடங்கினாள். வெளிச்சுவரில் ஏசிக் குழாய்க்கென்று விட்ட துளை திறந்து கிடக்கிறது, அது வழியாகக் காற்று சீலிங்குக்குள் புகுந்து இந்த ஓட்டைகளில் ஊதுகிறது என்றாள். வெளியே சாரம் கட்டாமல் அதை அடைக்க முடியாது. உள்ளே அடைத்தால் போதும்.

விளக்கு மாட்டின ஓட்டைகள் வாய் மூடின. மற்றதுக்கு வெள்ளை மூடிகள் கொண்டுவந்திருந்தாள். வயரைச் சுருட்டி, நுனிக்கு டேப் சுற்றி, உள்ளே தள்ளி, மூடியை அழுத்தினாள். ஒவ்வொரு மூடிக்கும் ஒரு குரல் நின்றது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற செலஸ்டினாவுக்கு அது நன்றாகக் கேட்டது.

டவுன்லைட் மூன்றையும் மாட்டியாயிற்று. கதவுக்கு ஸ்பாட்லைட்டையும் கேட்டபடியே மாட்டினாள். ஹாலின் நடுவில், கதவைப் பார்த்து, முகத்தில் விழுகிற சாய்வில். பிறகு ட்யூப்லைட்டை அணைத்தாள். மற்ற விளக்குகளையும் அணைத்தாள். ஸ்பாட்லைட் ஒன்றை மட்டும் போட்டாள்.

கதவு நாடக மேடை மாதிரி எரிந்தது.

"நீங்க அங்க போய் நில்லுங்கக்கா."

செலஸ்டினா கதவுப் பக்கம் போகத் திரும்பினாள்.

"அங்க இல்ல."

ஜெய்னம்பு படுக்கையறை நிலைப்படியைக் காட்டினாள். அந்தக் கோணல் புள்ளிகளை. செலஸ்டினா போய் நின்றாள்.

"உக்காருங்க. அவன் உயரத்துக்கு."

அவள் முட்டி போட்டாள். புடவையில் சாக்பீஸ் அப்பியது.

ஜெய்னம்பு வாசலுக்குப் போய் அந்த வெள்ளைத் திட்டின் மேல், அந்த இரண்டு பாத அச்சிலேயே தன் பாதத்தை வைத்து நின்றாள். காதைக் கதவில் வைத்தாள். கையைத் தாழ்ப்பாள்வரை தூக்கினாள். இறக்கினாள். அப்படியே நின்றாள்.

செலஸ்டினா அதை யாரும் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தாள்.

வெகு நேரம் கழித்து, திரும்பாமலேயே ஜெய்னம்பு கேட்டாள்.

"என்ன தெரியுது?"



"முதுகு."

ஜெய்னம்பு வந்து ஏணியில் ஏறினாள். ஸ்பாட்லைட்டின் தலையில் கை வைத்தாள். அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பக்கூடியது.

"எங்க திருப்பட்டும்?"

நிலைப்படியில் முட்டி போட்டவள் முட்டி போட்டபடியே இருந்தாள். பக்கத்தில் ஆல்ட்ரின் வந்து அவள் தோளில் சாய்ந்து, அவளோடு சேர்ந்து கதவைப் பார்த்தான்.

ஜெய்னம்பு கையை எடுத்துவிட்டு, விளக்கைத் திருப்பாமலேயே இறங்கினாள்.

ஓர் ஓட்டை மட்டும் மிச்சம் இருந்தது. பாய்க்கு நேர் மேலே. மற்ற எல்லாம் வாயடைத்துப் போக, அது ஒன்று தனியாக, மெதுவாக ஊதிக்கொண்டிருந்தது.

செலஸ்டினா எழுந்து வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, இதை மட்டும் விட்டுவிடு, பிள்ளை தேடுவான் என்றாள்.

ஜெய்னம்பு பைக்குள் கைவிட்டுக் கடைசி மூடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். சாக்பீஸ் கொடுத்த மாதிரியே.

"பிள்ளையா தேடுவான்?" என்றாள்.

ஏணியை எடுக்கவில்லை. நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவளுக்குப் பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

*

ஆல்ட்ரின் பாயில் மல்லாந்து படுத்தான். சுவரோரத்து டவுன்லைட்டின் மஞ்சள் வெளிச்சம் சுவரில் வழிந்து அவன் முகத்துக்கு வந்தது. கண் கூசவில்லை.

"அப்பா ஊதுறாங்க" என்றான்.

செலஸ்டினா மூடியைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். சாமியாரிடம் சொல்ல ஒரு சொல் இருந்தது. கீழ்வீட்டம்மாவுக்கு ஒரு தலையாட்டல் இருந்தது. பிள்ளையிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஏணியில் ஏறினாள்.

நாலாவது படியில் ஏறிக் கையை நீட்டினாள். ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று விரலில் பட்டது. உப்பு வாடை அடித்தது. ஒரு நிமிஷம் உள்ளங்கையை அங்கேயே விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், கன்னத்தைப் பிடிக்கிற மாதிரி.

வயரைச் சுருட்டி உள்ளே தள்ளினாள். மூடியை வைத்து அழுத்தினாள்.

சத்தம் நின்றது.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. கீழே ரோட்டில் ஒரு பைக் போனது. தண்ணித் தொட்டி எங்கோ சொட்டியது.

இறங்கி வந்து பாயில் உட்கார்ந்தாள். ஆல்ட்ரின் மேலே பார்த்துக்கொண்டே காத்திருந்தான்.

"ஊதலையே."

"அது அப்பா இல்லடா. காத்து."

அவன் யோசித்தான்.

"அப்போ அப்பா எங்க?"

இதுவரைக்கும் கேட்டபோதெல்லாம் கப்பலில் என்று சொல்லியிருந்தாள்.

"கடல்ல."

"எப்ப வருவாங்க?"

கம்பெனிக் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் சொல்லாத வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் சொன்ன நிமிஷத்திலேயே அது நடந்துவிடும் என்று பயந்து, வாய்க்குள்ளேயே வைத்திருந்த வார்த்தை.

"வர மாட்டாங்க."

ஆல்ட்ரின் அழவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். வெளிச்சத்தில் அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டு, விரலில் ஒட்டின ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பிறகு எழுந்து உட்கார்ந்தான்.

"அப்போ தாழ்ப்பாளப் போடும்மா" என்றான். "எனக்கு டெய்லி பயமா இருக்கு."

அவள் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனத்தான். தூக்கி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அலமாரிக்கு அடியில் டெரன்ஸின் டூல் பெட்டி இருந்தது. திறந்தாள். எல்லாம் அவன் வைத்தபடியே, அளவு வாரியாக இருந்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்தாள்.

கதவுக்கு முன்னால் அந்த வெள்ளைத் திட்டில் போய் நின்றாள். ஸ்பாட்லைட் இன்னும் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. தாழ்ப்பாளில் பெயின்ட் ஒட்டியிருந்த இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சுரண்டினாள். செதில் செதிலாக உதிர்ந்து பிள்ளையின் தலையில் விழுந்தது. எண்ணெய் விட்டாள். இரண்டு சொட்டு தரையில் சிந்தியது. கால் வழுக்கவில்லை.

இழுத்தாள். நகரவில்லை.

ஆல்ட்ரின் தன் கையையும் அவள் கை மேல் வைத்தான்.

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொண்டது. காலடி அவர்கள் வாசலைத் தாண்டி மேல்மாடிக்குப் போயிற்று.

அவள் காதைக் கதவில் வைக்கவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

தாழ்ப்பாள் கிறீச்சிட்டு நகர்ந்து, வளையத்துக்குள் போய், முட்டி நின்றது.